உள்ளங்கையளவு ஓர் எக்ஸ்சேஞ்ச்

மேஜைமேல் இருக்கும் பழைய தொலைபேசியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டால் அதனிடம் சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது. பேட்டரி கிடையாது. எண்களை நினைவில் வைக்கும் சில்லு கிடையாது. ரிசீவரை எடுத்ததும் காதில் விழும் டயல் டோன் அந்தக் கருவியில் பிறப்பதில்லை. மைக் வேலை செய்யத் தேவையான மின்னோட்டமும் மணியை ஆட்டும் மின்சாரமும்கூட வெளியிலிருந்துதான் வருகின்றன. எல்லாமே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எக்ஸ்சேஞ்சின் உபயம். இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள் வழியாக நூறாண்டுக்கும் மேலாக நடந்துவந்த உபயம்.

செல்போனை ப்ளூடூத் வழியாக வீட்டுத் தொலைபேசிகளோடு இணைக்கும் அடாப்டரைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிளக்கை இன்னொரு பிளக்கில் பொருத்த உதவும் சாமான் என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். அப்படியில்லை. பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் உயிர் கிடையாது. ஆகவே செல்போனையும் அதையும் சேர்க்க நினைப்பவர் நடுவில் ஓர் எக்ஸ்சேஞ்சையே கட்டியாக வேண்டும். கட்டியும்விட்டார்கள், கையில் அடங்கும் பெட்டிக்குள்.

இந்தப் பெட்டிக்கான தேவை பிறந்தது அமெரிக்காவில். அங்கே வீட்டுக்கு ஒரு போன் என்ற கணக்கு செல்லாது. சமையலறைச் சுவரில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, தரைக்குக் கீழே நிலவறையில் ஒன்று என்று ஒரே லைனில் நாலைந்து எக்ஸ்டென்ஷன்கள். எல்லாவற்றுக்குமான கம்பிகள் வீடு கட்டும்போதே சுவருக்குள் போய்விடும். செல்போன் நிறுவனங்கள் இரவிலும் வார இறுதியிலும் பேசக் காசில்லை என்று அறிவித்தபோது, லேண்ட்லைனுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது தண்டம் என்று பலருக்குத் தோன்றியது. இந்த மாற்றத்தை விடாமல் எண்ணிவந்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். (நோய்க்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். போனில் கூப்பிட்டு உடல்நலம் விசாரித்து ஆய்வு நடத்துகிறவர்களுக்கு எந்த வீட்டில் எந்த போன் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆய்வே கோணலாகிவிடும்.) அவர்கள் கணக்குப்படி, செல்போன் மட்டுமே உள்ள வீடுகள் 2016இன் பிற்பாதியில் மொத்தத்தில் பாதியைத் தாண்டின.

லைன் போயிற்று. சுவருக்குள் கம்பியும், கம்பிமுனையில் தொலைபேசியும் அப்படியே நின்றன. சில அசௌகரியங்களும் புதிதாக வந்தன. நிலவறையில் செல் சிக்னல் எட்டாது. மாடி ஜன்னலோரம் மட்டும் நன்றாகக் கிடைக்கும். போன் மாடியில் சார்ஜில் கிடக்க, ஆள் கீழே இருப்பார். காது கேட்கும் கருவி அணிந்த முதியவருக்கு, அந்தக் கருவியோடு காந்தப்புலத்தால் சேர்ந்துகொள்ளும் கனத்த பழைய ரிசீவர்தான் தோது. செல்போனைச் சிக்னல் உள்ள இடத்தில் வைத்துவிட்டு, அதற்கு வரும் அழைப்பு வீட்டுத் தொலைபேசிகள் எல்லாவற்றிலும் மணியடித்தால் இத்தனையும் தீரும். டாக்-என்-டாக், எக்ஸ்லிங்க் போன்ற பெயர்களில் அடாப்டர்கள் வந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு செல்போன் மாடலுக்கும் தனித்தனி கேபிள் தேட வேண்டியிருந்தது. ப்ளூடூத் பரவியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பிறகு பானசோனிக் மாதிரி நிறுவனங்கள் இந்த வேலையைத் தங்கள் கார்ட்லெஸ் போனின் அடித்தளத்துக்குள்ளேயே வைத்து ‘லிங்க்2செல்’ என்று விற்றன.

வானொலியையும் தொலைபேசியையும் முடிச்சுப்போடும் ஆசை இதைவிட மூத்தது. டெக்சஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் 1950களின் இறுதியில் ‘கார்ட்டர்ஃபோன்’ என்று ஒன்றைச் செய்தார். எண்ணெய் வயலிலும் பண்ணைகளிலும் இருவழி வானொலி வைத்திருப்பவரை ஊருக்குள் இருக்கும் தொலைபேசியோடு பேசவைப்பது அதன் வேலை. தலைமை நிலையத்தில் இருப்பவர் ரிசீவரை எடுத்து ஒரு தொட்டிலில் கிடத்துவார். தொட்டிலின் மைக்கும் ஒலிபெருக்கியும் ரிசீவரின் வாயையும் காதையும் பார்த்தபடி இருக்கும். லைனில் குரல் வந்ததும் ஒரு சுவிட்ச் தானாக விழித்து வானொலியை ஒலிபரப்ப வைக்கும். கம்பியோடு கம்பி தொடுவதே இல்லை. 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 கார்ட்டர்ஃபோன்கள் விற்றன. ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கோ தன் லைனில் வேற்றுக் கருவி எதுவும் சேரக்கூடாது என்று கட்டண விதியிலேயே ஒரு தடை இருந்தது. கார்ட்டர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்திலிருந்து அமெரிக்கத் தொடர்பு ஆணையத்துக்குப் போய், 1968இல் ஆணையம் கார்ட்டர் பக்கம் தீர்ப்பளித்தது: வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியைச் சேர்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 1970களில் இத்தகைய கருவிகளைப் பதிவுசெய்யும் முறை வந்து, ஆர்ஜே-11 என்ற சின்ன பிளாஸ்டிக் பிளக் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. மோடம், ஃபேக்ஸ், பதில் சொல்லும் கருவி எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வந்தன. நம் அடாப்டர் குத்தப்படுவதும் அதே துளையில்தான்.

கம்பெனிக் கால மதராஸில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். துரையிடம் துரையின் பாஷையும் நெசவாளியிடம் நெசவாளியின் பாஷையும் பேசி, இரு தரப்புக்கும் நடுவே வியாபாரத்தை முடித்துவைப்பவர். இந்தப் பெட்டியும் ஒரு துபாஷிதான். ஆனால் துபாஷி செய்யாத ஒரு காரியத்தையும் செய்கிறது: ஆள்மாறாட்டம். பழைய தொலைபேசியிடம் “நான்தான் எக்ஸ்சேஞ்ச்” என்கிறது. செல்போனிடம் “நான் ஒரு கார்” என்கிறது.

முதல் வேடம்

எக்ஸ்சேஞ்சாக நடிக்க முதலில் மின்னழுத்தம் வேண்டும். அசல் எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் ஈய-அமில செல்கள் 24ஐ வரிசையாகக் கோத்து 48 வோல்ட் ஆக்கினார்கள். நேர்முனையைத் தரையோடு சேர்த்து, லைனில் மைனஸ் 48 வோல்ட் நிற்கும்படி அமைத்தார்கள். ஈரம் பட்டாலும் செம்பு சீக்கிரம் அரித்துப்போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ரிசீவர் தாங்கியில் இருக்கும்வரை சுற்று திறந்திருக்கும். எடுத்ததும் சுற்று மூடி 20 மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் முதல் செய்தி அவ்வளவுதான். அதைக் கண்டதும் எக்ஸ்சேஞ்ச் டயல் டோனைத் திறந்துவிடும்: அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டின் கலவை, இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒலி.

செல்போன் உலகத்தில் டயல் டோன் என்ற ஒன்றே இல்லை. ஆனாலும் பெட்டி அதைச் செயற்கையாக உண்டாக்கிக் காதுக்குக் கொடுக்கிறது. கொடுக்காவிட்டால் பழகிய கை டயல் செய்யாது. போன் டெட் என்று வைத்துவிடும்.

இதையெல்லாம் செய்யும் சில்லுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்லிக்’. ஒரு காலத்தில் எக்ஸ்சேஞ்சில் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒதுக்கிய சுற்று அது. லைனுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், மின்னல் அடித்தால் தாங்க வேண்டும், மணியடிக்க வேண்டும், ரிசீவர் எடுத்தார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குரலை எண்களாக்க வேண்டும், போகும் குரலையும் வரும் குரலையும் பிரிக்க வேண்டும், லைனைச் சோதிக்க வேண்டும். இந்த ஏழு வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துப் பொறியாளர்கள் ‘போர்ஷ்ட்’ என்பார்கள். அது கிழக்கு ஐரோப்பியர் குடிக்கும் பீட்ரூட் சூப்பின் பெயரும்கூட. சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் ‘ப்ரோஸ்லிக்’ போன்ற சில்லுகள் வந்தபின் இந்தச் சூப்பில் பெரும்பகுதி விரல்நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஏழில் முரட்டு வேலை மணியடிப்பது. 48 வோல்ட் நேர்மின்சாரத்தால் மணி அடிக்காது, அடிக்கவும் கூடாது; ரிசீவர் கீழே இருக்கும்போது மின்னோட்டம் பாயாமலிருக்க மணிச்சுருளோடு ஒரு மின்தேக்கியைத் தொடராக வைத்திருக்கிறார்கள். மின்தேக்கி நேர்மின்சாரத்தை மறிக்கும், மாறுமின்சாரத்தை விடும். அதனால் அழைப்பு வரும்போது எக்ஸ்சேஞ்ச் அந்த 48 வோல்ட்டின்மேல் சுமார் 90 வோல்ட் மாறுமின்சாரத்தை ஏற்றி அனுப்பும். அமெரிக்காவில் விநாடிக்கு 20 அலைவு, இரண்டு விநாடி ஒலி, நாலு விநாடி மௌனம். இந்தியாவில் 25 அலைவு. நாம் அறிந்த இரட்டை மணி, ட்ரிங்-ட்ரிங். நாடு மாற்றும் வசதி இல்லாத அமெரிக்கப் பெட்டியைச் சென்னையில் மாட்டினால் வீட்டு போன் அமெரிக்க பாணியில் நீட்டி முழக்கும்.

யுஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டை இந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டுமே! பெரும்பாலான பெட்டிகள் 90க்குப் போவதில்லை. 60, 70 வோல்ட்டில் நின்றுவிடுகின்றன. எக்ஸ்சேஞ்சுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கம்பி. பெட்டிக்கு ஒரு வீட்டுச் சுவர்தான். ஆகவே அது போதும். ஆனால் ஒரு கணக்கு குறுக்கே வரும். அமெரிக்காவில் ஒவ்வொரு தொலைபேசியின் அடியிலும் ‘ரென்’ என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும்: மணியின் பளு. இரட்டைக் கிண்ண மணி கொண்ட பழைய கருப்பு போன் ஏறத்தாழ 1. எலெக்ட்ரானிக் மணி உள்ள போன் அதில் சிறு பகுதி. ஒரு லைனில் மொத்தம் 5 வரை எக்ஸ்சேஞ்ச் தாங்கும். ஒரு ரென் என்பது சுமார் 7,000 ஓம். 65 வோல்ட்டில் ஐந்தையும் அடிக்க 3 வாட் வேண்டும். கம்ப்யூட்டரின் பழைய யுஎஸ்பி துளை தருவது 2.5 வாட். ஆகவே சிறிய பெட்டியில் பழைய கிண்ண மணிகளை வரிசையாக மாட்டுகிறவர், கடைசி போன் ஈனசுரத்தில் முனகுவதைக் கண்டு பெட்டி பழுது என்று திருப்பி அனுப்புவார். பழுது இல்லை, பளு.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ரிசீவரை எடுத்துவிட்டால்? அந்தக் கணமே மணி மின்சாரத்தை வெட்டியாக வேண்டும். தாமதித்தால் அது காதுக்குள் உறுமும். மாறுமின்சாரத்துக்கு நடுவே நேர்மின்சாரம் பாயத் தொடங்கியதைக் கண்டுபிடித்து, கண்ணிமைப்பதற்குள் மணியை நிறுத்துவது ஸ்லிக்கின் நுட்பமான திறமைகளில் ஒன்று.

பெட்டியை ஒரே ஒரு போனில் மாட்டினால் பிரச்சினை இல்லை. வீட்டின் சுவர்த் துளையில் மாட்டி எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் எழுப்ப நினைப்பவர் முதலில் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அமெரிக்க வீடுகளின் வெளிச்சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். தொலைபேசி நிறுவனத்தின் கம்பி முடிந்து வீட்டுக்காரரின் கம்பி தொடங்கும் எல்லை அது. அங்கே இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். லைனை ரத்து செய்தாலும் கம்பியில் 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கலாம். ஒரே கம்பியில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் எதிரெதிரே நின்றால் அடிபடுவது சின்னதுதான்.

எக்ஸ்சேஞ்ச் வேடம் போடும் கருவி ஒன்றைச் சென்னையும் 1990களிலேயே செய்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்ற டெநெட் குழுவும் மைடாஸ் கம்யூனிகேஷன் நிறுவனமும் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ முறையில், வீட்டுச் சுவரில் ‘வால்செட்’ என்று ஒரு பெட்டி இருக்கும். கோபுரத்திலிருந்து வானொலியில் அழைப்பை வாங்கி, சாதாரணத் தொலைபேசியைச் செருகும் துளையில் அதைக் கொடுக்கும். கூடவே 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும். கிராமம் வரை செம்புக்கம்பி இழுக்கும் செலவைத் தவிர்க்கச் செய்த காரியம் அது. அமெரிக்கர் தேவையற்றுப்போன கம்பிக்காக இந்த வேடத்தைப் போட்டார்கள். நாம் இல்லாத கம்பிக்காகப் போட்டோம்.

இரண்டாவது வேடம்

செல்போன் பக்கம் வந்தால் மொழியே வேறு. ப்ளூடூத்தில் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு நடத்தை விதி உண்டு. அவற்றுள் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ விதி கார்களுக்காக எழுதப்பட்டது: ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல் பேச வேண்டும். அந்த விதிப்படி கார் செல்போனுக்கு என்னென்ன கட்டளைகள் இடலாமோ அத்தனையையும் நம் பெட்டியும் இடலாம். செல்போனுக்கு வித்தியாசம் தெரியாது. பாட்டி சமையலறையில் பேசிக்கொண்டிருப்பாள். போன் தான் ஏதோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

அந்தக் கட்டளைகளின் வயது சுவாரசியமானது. 1981இல் டென்னிஸ் ஹேய்ஸின் நிறுவனம் விற்ற ஸ்மார்ட்மோடம், கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டுத் தானே டயல் செய்யும். அதற்கு இடும் உத்தரவுகள் எல்லாம் ‘ஏடி’ என்ற இரண்டெழுத்தில் தொடங்கும். ‘ஏடிடி’ என்றால் டயல் செய், ‘ஏடிஏ’ என்றால் எடுத்துப் பேசு. விநாடிக்கு 300 பிட் ஓடிய அந்தக் காலத்து மொழி மோடம்களோடு சேர்ந்து மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, செல்போனுக்குள் புகுந்து, அங்கிருந்து ப்ளூடூத்துக்கும் வந்துவிட்டது. தொலைபேசி லைனைக் கம்ப்யூட்டர் பயன்படுத்துவதற்காகப் பிறந்த மொழியில், லைனே இல்லாத தொலைபேசி இன்று செல்போனிடம் பேசுகிறது. இன்றும் பெட்டி எண்ணை அனுப்பும்போது கடைசியில் ஓர் அரைப்புள்ளி சேர்க்கும். “இது டேட்டா அழைப்பு அல்ல, மனிதக் குரல்” என்று அதற்கு அர்த்தம்.

உள்ளே வரும் அழைப்பு இப்படி நடக்கும். செல்போன் ‘ரிங்’ என்ற செய்தியையும் அழைப்பவரின் எண்ணையும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி ஒரு முறை மணியடிக்கும். முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையிலான மௌனத்தில், 1,200 ஹெர்ட்ஸ், 2,200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி வாசித்து எண்ணை லைனில் ஏற்றும். காலர் ஐடி திரை அதைப் படித்துக் காட்டும். ரிசீவரை எடுத்தால் ‘ஏடிஏ’. வைத்தால் துண்டிக்கச் சொல்லும் கட்டளை.

வைத்தார்களா என்று கண்டுபிடிப்பதுதான் எளிதல்ல. பழைய தொலைபேசிக்குத் தெரிந்த ஒரே வினை சுற்றைத் திறப்பதும் மூடுவதும். அதன் நீளத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும். சுமார் 60 மில்லிவிநாடி திறந்தால், சுழல் டயலிலிருந்து வரும் ஒரு துடிப்பு. அரை விநாடி அளவுக்குத் திறந்தால், காத்திருக்கும் இரண்டாவது அழைப்பை எடுக்கச் சொல்லும் தட்டு. அதற்கும் மேல் நீடித்தால்தான் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று கொள்ள வேண்டும். பாதியில் அழைப்பு அறுந்தால், தாங்கியைச் சற்று நேரம் அழுத்திப்பிடித்த விரலையும் சந்தேகிக்கலாம்.

எண் எங்கே முடிகிறது?

வானொலி, மின்சாரம் இரண்டையும்விடப் பெரிய சங்கடம் டயல் செய்வதில் இருக்கிறது. என் பார்வையில் இந்தப் பெட்டிகளின் தரத்தைக் காட்டும் இடமும் இதுதான்.

லேண்ட்லைனில் ‘அனுப்பு’ பொத்தான் கிடையாது, கவனித்திருப்பீர்கள். காரணம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. ஆல்மன் ஸ்ட்ரோஜரின் தானியங்கி எக்ஸ்சேஞ்சில், டயலிலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பும் ஓர் இரும்புக் கையை ஒரு படி நகர்த்தும். முதல் இலக்கம் முதல் தேர்வியை, இரண்டாவது இலக்கம் அடுத்ததை. எண்ணை யாரும் சேமித்து வைப்பதில்லை. டயல் செய்யச் செய்யவே பாதை திறந்துகொண்டு போகும். கடைசி இலக்கம் முடியும்போது எதிர்முனையில் மணியடிக்கும். எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டர்மயமான பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. எந்த எண் எத்தனை இலக்கம் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும்.

செல்போனில் இப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது. ஒருவர் ஒவ்வொரு இலக்கமாக யோசித்து அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஒரு வானொலித் தடம் அவருக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். முழு எண்ணையும் கருவியிலேயே சேர்த்துக்கொண்டு, பின்பு ஒரே மூச்சில் அனுப்பலாம் என்ற யோசனை பெல் ஆய்வகத்தின் பிலிப் போர்ட்டருடையது. பச்சைப் பொத்தான் அப்படித்தான் வந்தது.

பெட்டி இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. தொலைபேசியிலிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. எங்கே முடிகிறது என்று தொலைபேசி சொல்லாது. செல்போனோ முழு எண் கைக்கு வராமல் அசையாது. ஆகவே பெட்டி ஒவ்வொரு இலக்கத்துக்கும் பிறகு சில விநாடி காத்திருக்கும். அடுத்தது வரவில்லையென்றால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அனுப்பும். அவசரக்காரர் கடைசியில் ஹாஷ் பொத்தானை அழுத்தினால் உடனே போகும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் நிதானமாக அழுத்தும் முதியவரின் எண் பாதியிலேயே போய்விடும். கூட்டினால் எல்லோருக்கும் எரிச்சல். வட அமெரிக்காவில் சாதாரண எண்கள் எல்லாம் பத்து இலக்கம் என்பதால் பெட்டியால் பெரும்பாலும் எண்ணிப் பார்த்தே முடிவுசெய்ய முடியும். இந்தியாவில் 10 இலக்க செல் எண், பூஜ்யத்தில் தொடங்கும் எஸ்.டி.டி. எண், மூன்றிலக்க அவசர எண் என்று கலந்துகிடப்பதால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சுழல் டயல் வைத்திருப்பவர் பாடு இன்னும் கஷ்டம். அதில் ஹாஷ் கிடையாது. விநாடிக்குப் பத்துத் துடிப்பு என்ற வேகத்தில் பூஜ்யத்தைச் சுற்றவே ஒரு விநாடி ஆகும். தவிர, எல்லாப் பெட்டிகளும் துடிப்பை எண்ணத் தெரிந்தவையும் அல்ல. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அட்டைப்பெட்டியின்மேல் பெரும்பாலும் எழுதியிருக்காது.

அழைப்பு கிடைத்தபிறகும் பொத்தான்களின் தொல்லை தீராது. வங்கியை அழைத்தால் “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்” என்கிறது. தொலைபேசி ஒன்றை அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும் சேர்ந்த ஒலி எழும். அந்த ஒலியை அப்படியே குரலோடு அனுப்பினால் சிதையும். ஏனென்றால் செல்போன் வலையமைப்பின் குரல் சுருக்கமுறைகள் மனிதத் தொண்டையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை, தூய ஒலிகள் அவற்றுக்குப் பிடிபடாது. ஆகவே பெட்டி அந்த ஒலியைக் கேட்டு, எண் 1 என்று அடையாளம் கண்டு, கட்டளையாகச் செல்போனுக்குச் சொல்ல வேண்டும். செல்போன் அதை வலையமைப்புக்குச் செய்தியாக அனுப்ப, எதிர்முனைக்குப் போகும் ஒலியை வலையமைப்பு புதிதாக வாசிக்கும்.

குரல் போகும் பாதை

குரலும் வேடம் மாறிக்கொண்டேதான் போகிறது. ரிசீவரிலிருந்து வரும் அலையை ஸ்லிக் விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது: மொத்தம் 64,000 பிட். அடுத்து ப்ளூடூத்துக்காக அது வேறுவிதமாக எழுதப்படுகிறது. இங்கே அளவே கிடையாது. அலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற ஒரே கேள்வி, விநாடிக்கு 64,000 முறை. ஏற்றம் ஒன்று, இறக்கம் பூஜ்யம். ஒரே பதில் தொடர்ந்து வந்தால் படியின் உயரம் தானாகக் கூடும். மாறி மாறி வந்தால் குறையும். அதே 64,000 பிட், வேறு இலக்கணம்.

ஏன் இந்த முறை? ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவுகிறது. அதே பட்டையில் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கின்றன. குரலைச் சுமக்கும் பொட்டலம் 3.75 மில்லிவிநாடிக்கு ஒன்று போகும். அடிப்படை முறையில் ஒன்று தொலைந்தால் திரும்ப அனுப்புவதில்லை, அனுப்ப நேரமில்லை. முழு அளவை எழுதும் முறையில் ஒரு பிட் கெட்டால் படாரென்று ஒரு வெடிப்பு கேட்கும். ஏற்ற இறக்க முறையில் அலை ஒரு படி பிசகும், அவ்வளவே. பிறகு செல்போன் இதைப் பிரித்து, விநாடிக்கு 12,200 பிட் போன்ற சிறிய அளவுக்குச் சுருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பும். புதிய வலையமைப்புகளின் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும் தெளிவான குரல் இந்த வழியில் வீண். பழைய தொலைபேசி 3,400 ஹெர்ட்ஸோடு காதைப் பொத்திக்கொள்ளும்.

தாமதம்தான் உண்மையான எதிரி. பழைய லைனில் போகும் குரலும் வரும் குரலும் ஒரே இரண்டு கம்பியில் ஓடுகின்றன. பெட்டிக்குள் அவற்றைப் பிரிக்கும் சுற்று எவ்வளவு நன்றாக அமைந்தாலும், வந்த குரலில் கொஞ்சம் கசிந்து திரும்பிப் போகும். உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் காலத்தில் அது சில மில்லிவிநாடியில் திரும்பியதால் யாருக்கும் தெரியவில்லை. செல்போன் வலையமைப்பும் ப்ளூடூத்தும் சேர்ந்த பாதையில் அது கணிசமான தாமதத்தோடு திரும்புகிறது. எதிரே பேசுபவர் தன் குரலைத் தானே கேட்டுத் தடுமாறுவார். வேடிக்கை என்னவென்றால், பெட்டியை வாங்கியவருக்கு ஒரு குறையும் தெரியாது. துன்பம் முழுவதும் அடுத்த முனைக்கு.

எனவே பெட்டிக்குள் எதிரொலியை மதிப்பிட்டுக் கழிக்கும் நிரல் ஒன்று ஓடுகிறது. செல்போனிலும் அதே வகை நிரல் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் குரல் தொண்டையடைத்ததுபோல ஆகும். இதற்காகவே ஹேண்ட்ஸ்-ஃப்ரீ விதியில் ஒரு கட்டளை இருக்கிறது: “எதிரொலியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு.” அதையும் மீறி, பேச்சின் நடுவே இன்னோர் அறையில் இன்னொருவர் எக்ஸ்டென்ஷனை எடுத்தால் லைனின் மின்தடை மாறிவிடும், நிரல் புதிதாகக் கற்றுக்கொள்ளும்வரை எதிரொலி எட்டிப்பார்க்கும்.

ஃபேக்ஸும் வீட்டுத் திருட்டு அலாரமும் இந்தப் பாதையில் போகாது. குரலுக்காகச் செதுக்கிய வழியில் அவற்றின் ஒலிகள் உருக்குலையும். அலாரத்துக்காகவே லேண்ட்லைன் வைத்திருந்தவர் அதற்குத் தனி செல் கருவி வாங்கியாக வேண்டும். மின்சாரம் போனால் பெட்டியும் அதைச் சேர்ந்த எல்லா போன்களும் மௌனமாகிவிடும். செல்போன் மட்டும் தன் பேட்டரியில் இருக்கும்.

கடைசியாக அவசர அழைப்பு. அமெரிக்காவில் லேண்ட்லைனிலிருந்து அவசர எண்ணான 911ஐ அழைத்தால், எண்ணோடு பதிவான வீட்டு முகவரி எதிரே இருப்பவர் திரையில் வந்துவிடும். வாய் பேச முடியாதவர் ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தினாலே போதும். சமையலறைச் சுவரில் அதே போன், அதே எண் பலகை. ஆனால் பெட்டி வழியாகப் போவது செல்போன் அழைப்பு. திரையில் வருவது செல்போன் இருக்கும் இடத்தைப் பற்றிய வலையமைப்பின் மதிப்பீடு. எந்த வீடு, எந்த மாடி என்பது அதில் இல்லாமல் போகலாம். செல்போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலோ, யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தாலோ, அழைப்பே போகாது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டியை மாட்டிக் கொடுப்பவர், அழைத்ததும் முதலில் முகவரியைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வர வேண்டும்.